நீங்க எப்படி இருக்கீங்க?

திங்கட்கிழமை காலையில் அந்த ஊரில் முந்நூறு சொச்சம் கைபேசிகள் ஒரே நேரத்தில் சிணுங்கும். வருவது ஒரே ஒரு வரிதான்: "எப்படி இருக்கீங்க?" அனுப்பியவர் பெயர் இருக்காது. ஆஸ்பத்திரியின் பெயர் இருக்காது. மாத்திரை என்ற சொல் மருந்துக்குக்கூட இருக்காது. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தால் யாரோ தூரத்துச் சொந்தம் விசாரிக்கிறது என்று எண்ணிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டும். அதற்காகவே அப்படி எழுதியிருந்தார்கள்.

பதிலும் அதே கணக்குதான். "நல்லா இருக்கேன்" என்று வந்தால், எச்.ஐ.வி.க்கான மாத்திரை தினமும் ஒழுங்காக உள்ளே போகிறது என்று அர்த்தம். "சரியில்லை" என்று வந்தால் எங்கோ இடிக்கிறது. வாந்தியாக இருக்கலாம், மாத்திரை தீர்ந்திருக்கலாம், வீட்டில் யாராவது டப்பாவைப் பார்த்திருக்கலாம். உடனே போன் போட்டுக் குரலைக் கேட்டுப் பேச வேண்டும். எதுவானாலும் எழுத்தில் மட்டும் அந்த ஒரு வரியைத் தாண்டக் கூடாது. சொன்னது காற்றோடு போகும், எழுதியது யார் கையிலாவது சிக்கும் என்று பெரிய டாக்டரம்மா ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், எக்ஸ்ரே அறையைத் தாண்டி, அழுக்குத் துணி மூட்டைகள் அடுக்கிவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அங்கே உட்கார்ந்து பதில்களைப் படிப்பவளுக்கு வேலைப் பெயர் ஆலோசகர். அப்படி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. வருகிறவர்களுக்கு எல்லாம் அவள் மெசேஜ் அக்கா. எதிர் ஜன்னலில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மருந்துக்காரர், "ஊர்ல எல்லாரையும் எப்படி இருக்கீங்கன்னு கேக்கறதுக்குச் சம்பளம் வாங்கற ஒரே ஆளு நீங்கதாங்க" என்று அடிக்கடி சீண்டுவார். அவளும் சிரித்துவைப்பாள்.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு சின்ன வலி இருந்தது, அதையும் சொல்லிவிடுவது நல்லது. வாரா வாரம் இத்தனை பேரை நலம் விசாரிக்கிறவளை விசாரிக்க ஆளில்லை. வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து வீட்டில் பேச்சு முழங்காலைவிட்டு மேலே ஏறியதில்லை. வெளியூரில் படிக்கும் மகள் எதைக் கேட்டாலும் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுக் காணாமல் போவாள். அக்காவுக்கும் குளிர்காலத்தில் மூச்சு இரைக்கும், படியேறினால் நெஞ்சு படபடக்கும். அதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?

வருகிறவர்களில் அவளுக்கு ரொம்பப் பிடித்தவள் காலர்காரி. சட்டை தைக்கும் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் காலர் மட்டுமே வைத்துத் தைப்பவள். ஒல்லியான உடம்பு, வேகமான கை, அதைவிட வேகமான வாய். விடாத காய்ச்சலுக்கு ரத்தம் பார்த்தபோது விஷயம் தெரியவந்தது. முதல் நாள் அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் அவள் கேட்டது தன் உயிரைப் பற்றி இல்லை. "என் பொண்ணுக்கு இருக்காக்கா?" என்றுதான் கேட்டாள். குழந்தைக்கு இல்லை என்று முடிவு வந்த அன்றுதான் வாய்விட்டு அழுதாள்.

புருஷனிடம் சொல்லும்மா, அவரையும் கூட்டிக்கொண்டு வா என்று அக்கா பலமுறை எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். "தெரிஞ்சா அன்னிக்கே என்னைத் தெருவுல நிறுத்திடுவாருக்கா. பொண்ண என் கண்ணுலயே காட்ட மாட்டாரு. கொஞ்ச நாள் போகட்டும்" என்பாள். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. மாத்திரையை மட்டும் அவள் ஒரு நாள் தவறவிட்டதில்லை. ரத்தத்தில் கிருமி எண்ணிப் பார்க்கக்கூட அகப்படாத அளவுக்குக் குறைந்துபோனது. இனி அவளிடமிருந்து யாருக்கும் பரவாது என்று டாக்டரம்மா சொன்னபோது, காலர்காரி அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவளுடைய பதில் எப்போதும் மதியச் சாப்பாட்டு வேளையில்தான் வரும். தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் காவலாளி அறையில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மதிய மணி அடித்து எல்லோரும் வெளியே வந்த பிறகு, "நல்லா இருக்கேன்" என்று ஒன்று வந்து விழும். அக்காவும் அந்த நேரத்தில் டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்திருப்பாள்.

ஒரு திங்கட்கிழமை அந்தப் பதில் காலையிலேயே வந்தது. அனுப்பிய கையோடு, யாரோ போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த மாதிரி வந்தது. இன்றைக்கு லீவு போட்டிருப்பாள் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். அடுத்த திங்களும் அப்படியே வந்தது. தொழிற்சாலையில் சட்டத்தைத் தளர்த்தியிருப்பார்கள் என்று அதற்கும் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். நமக்குப் பிடித்தவர்கள் விஷயத்தில் நம் மூளை இப்படித்தான் வக்காலத்து வாங்கும்.

அதற்கடுத்த வாரம் "நல்லா இருக்கேன்" என்பதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: "நீங்க எப்படி இருக்கீங்க?"

அக்கா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை காலத்தில், இத்தனை பேரில், ஒருவர்கூடத் திருப்பிக் கேட்டதில்லை. மருந்துக்காரரைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது. சிறுபிள்ளைத்தனம் என்று விட்டுவிட்டாள். சட்டப்படி அவள் பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் கை கேட்கவில்லை. "நான் நல்லா இருக்கேம்மா. கொஞ்சம் மூச்சு இரைப்புதான். நீ கேட்டதே போதும்" என்று எழுதிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, "மூச்சு இரைப்பு எப்படி இருக்கு?" என்று வந்தது.

அவ்வளவுதான், அக்கா உருகிப்போனாள். அதன்பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பேச்சு வளர்ந்தது. அந்தப் பக்கம் எப்போதும் சுருக்கம், இந்தப் பக்கம்தான் தாராளம். "வேலை ரொம்ப அலைச்சலா? நேரத்துக்குச் சாப்பிடு. மாத்திரையையும் அதே நேரத்துக்குப் போட்டுக்கோ" என்று ஒருநாள் எழுதினாள். "சரிக்கா" என்று வந்தது. இன்னொரு நாள், "ரெண்டு வருஷமா ஒரு நாள்கூடத் தவறாம மாத்திரை போடற ஆளு என்கிட்ட நீ ஒருத்திதான்" என்று மெச்சி எழுதினாள். "வீட்டுக்காரர்கிட்ட இப்ப சொல்லிடலாமா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது. அக்கா நிதானமாக யோசித்து, "இப்ப வேணாம். நேர்ல வா, பேசிட்டு முடிவு பண்ணலாம்" என்று பதில் போட்டாள். போட்டுவிட்டு, நல்ல புத்தி சொன்ன திருப்தியோடு டீ குடிக்கப் போனாள்.

மாத்திரை வாங்க வரும் நாள் நெருங்கியதால், ரத்தப் பரிசோதனைக்கும் சேர்த்து வரச் சொல்லலாம் என்று அவள் போன் போட்டது ஒரு புதன்கிழமை மதியம். மணி அடித்தது. எடுத்தார்கள். பேச்சில்லை.

"என்னம்மா, அக்கா பேசறேன்."

மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பெண்ணின் மூச்சு மாதிரி இல்லை. அதற்குப் பின்னால் ஏதோ டிங் என்று ஒலித்தது. பதிவுசெய்த ஒரு குரல் "கதவு மூடுகிறது" என்றது. இணைப்பு அறுந்தது.

உடனே எழுத்தில் வந்தது: "பேச முடியாது. மெசேஜ்ல சொல்லுங்க."

தொழிற்சாலையில் லிஃப்ட் ஏது? எல்லாம் ஒரே தளம், தகரக் கூரை. காலர்காரியின் புருஷனுக்கு என்ன வேலை என்று பதிவு செய்தபோது கேட்டது அக்காவுக்கு நினைவுக்கு வந்தது. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். ஊர் ஊராகப் போய்ப் பெரிய கட்டிடங்களில் லிஃப்ட் சரிபார்க்கிறவர். அவள் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். அது தன்னைப் பார்த்துவிடும் என்பதுபோல இருந்தது அந்தச் செய்கை.

மறுநாள் காலை அறை திறப்பதற்கு முன்பே அவன் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நன்றாகச் சவரம் செய்த முகம், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. அதன் காலர் கச்சிதமாக நின்றது. கத்துவான், மேஜையைத் தட்டுவான் என்று எதிர்பார்த்து அக்கா உதவிக்கு ஆள் இருக்கிறதா என்று மருந்து ஜன்னலைப் பார்த்தாள். அவன் எழுந்து நின்று, "உள்ள வரலாங்களா?" என்று பதவிசாகக் கேட்டான். உள்ளே வந்து கதவை அவனே சாத்தினான். நாற்காலி கிறீச்சிடாமல் தூக்கிப் போட்டு உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"இது அவளோடது. திரை போயிடுச்சு, ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்னு சொல்லியிருக்கேன்" என்றான். "உங்களுக்கு மூச்சு இரைப்பு இப்ப பரவாயில்லீங்களா?"

அக்காவுக்கு முகம் சூடேறியது. இத்தனை நாள் யாரோடு பேசினோம் என்பதை அந்த ஒரு கேள்வியில் அவன் புரியவைத்துவிட்டான்.

"அவங்க மேல கோபப்படாதீங்க" என்று தொடங்கினாள். "இப்ப எல்லாம் நல்ல மருந்து இருக்கு. முதல்ல நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கிட்டா..."

"எடுத்தாச்சுங்க" என்றான் அவன். "எப்பவோ எடுத்தாச்சு."

இன்னொரு பையிலிருந்து இன்னொரு போனை எடுத்தான். அது அவனுடையது. தேடி எடுத்து அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். வாரா வாரம் வியாழக்கிழமை தேதியிட்டு வரிசையாக ஒரே வரி நின்றது. எப்படி இருக்கீங்க? நல்லா இருக்கேன். எப்படி இருக்கீங்க? நல்லா இருக்கேன்.

"லிஃப்ட் பாக்கப் போற ஊருல ஒரு ஆஸ்பத்திரி. அங்கதான் வாங்கறேன். பொண்ணு பள்ளிக்கூடம் சேர்றதுக்கு முன்னாடியே தெரியும்" என்றான். "அன்னிக்கு அவ குளிச்சிட்டு இருந்தா. போன் மேஜையில இருந்துச்சு. திங்கக்கிழமை காலைல சத்தம் வந்துச்சு, பாத்தேன். வேற ஒரு ஆம்பளையா இருந்தா யாரு இவன்னு சந்தேகப்பட்டிருப்பான். எனக்குப் பாத்த உடனே தெரிஞ்சிடுச்சு. எல்லா ஊருக்கும் ஒரே ஆளுதான் எழுதிக் குடுப்பாங்க போல."

இதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க அக்காவுக்குச் சகிக்கவில்லை.

"அப்ப உங்ககிட்ட இருந்துதான் அவளுக்கு..."

"இருக்கலாம்."

"அவ பயந்து பயந்து சாகறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொன்னா நான்தான் குத்தவாளி. இப்ப சொல்லாம விட்டா அவதான்" என்றான், கூட்டல் கணக்கை ஒப்பிக்கிற மாதிரி. "ஞாயித்துக்கிழமை அவ அண்ணனுங்க, எங்க அண்ணன், பெரியவங்க எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். உங்க மெசேஜ எல்லாருக்கும் படிச்சுக் காட்டுவேன். ரெண்டு வருஷமா மாத்திரை போடறா, புருஷனுக்குச் சொல்ல வேணாம்னு ஆஸ்பத்திரியே சொல்லியிருக்கு. எல்லாம் தேதியோட இருக்குங்களே, நீங்களே எழுதினது. அதுக்கப்புறம் நான் தனியார் லேப்ல டெஸ்ட் எடுப்பேன். எனக்கும் இருக்குன்னு வரும். யார் யாருக்குக் குடுத்தாங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அவ அம்மா வீட்டுக்குப் போகட்டும். பொண்ணு என்கிட்ட இருக்கும்."

எக்ஸ்ரே அறையில் யாரையோ மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். அக்காவும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

"இதை எதுக்கு என்கிட்ட வந்து சொல்றீங்க?"

"எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே கணக்குதான், உங்க கம்ப்யூட்டர்ல தேடினா என் பேரு என்னிக்காவது வந்துடும். நீங்களா கண்டுபிடிச்சா யார்கிட்டயாவது சொல்லுவீங்க. நானா வந்து சொல்லிட்டா, இந்த ரூமுக்குள்ள சொன்னது வெளிய போகக் கூடாது. அதுதானே உங்க சட்டம்? அங்கயும் அப்படித்தான் சொன்னாங்க. நீங்க எல்லாரும் நல்லவங்க, வாக்கு மீற மாட்டீங்க."

எழுந்து நாற்காலியை இருந்த இடத்தில் போட்டான். இரண்டு போன்களையும் எடுத்து இரண்டு பைகளில் வைத்துக்கொண்டான். வாசல்வரை போய்த் திரும்பி, "மூச்சு இரைப்புக்கு டாக்டர்கிட்ட காட்டுங்க, அசட்டையா விடாதீங்க" என்றான். அதில் கிண்டல் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

நடந்ததை முழுக்கக் கேட்ட டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பேனாவை மூடிவைத்துவிட்டு, "அவளைப் போய்ப் பாரு. போன்ல வேணாம், நேர்ல பாரு. நம்ம பக்கத்துத் தப்பைச் சொல்லு. அவ போன் எங்க இருக்கு, ஞாயித்துக்கிழமை என்ன நடக்கப்போகுதுன்னு அவளுக்குத் தெரியணும். ஆனா அந்த ஆளோட உடம்பு விஷயம் உன் வாயிலேர்ந்து வரக் கூடாது" என்றார்.

"அதைச் சொல்லாம வேற எதைச் சொன்னா அவ தப்பிப்பா டாக்டர்?"

"இன்னிக்கு அவன் விஷயத்தைச் சொன்னா, நாளைக்கு எவன் வந்து கேட்டாலும் அவ விஷயத்தைச் சொல்லலாம்னு ஆயிடும். முந்நூறு பேரு இருக்காங்க. யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்க்க என்ன இருக்கிறது? டாக்டரம்மா சொன்னது நியாயம்தான். நியாயம் என்பதாலேயே அக்காவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. காலர்காரியை அவனிடமிருந்து காப்பாற்றப் போட்ட வேலிக்குள் அவனே வந்து சௌகரியமாக உட்கார்ந்துகொண்டான். அந்த வேலியின் கதவைத் திறந்துவிட்டது யார்? யாரோ நலம் விசாரித்தார்கள் என்று பல்லை இளித்த தான்தான். மாத்திரை என்று எழுதியதும் தான், ரெண்டு வருஷம் என்று எழுதியதும் தான், வேணாம் என்று எழுதியதும் தான். அன்று முழுக்க அவளுக்குத் தன் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் தொழிற்சாலை வாசலில் போய் நின்றாள். உயரமான இரும்புக் கதவு, பக்கத்தில் காவலாளி அறை, அதற்குள் பூட்டிய சின்னச் சின்னப் பெட்டிகள். மணி அடித்ததும் கதவு கொஞ்சமாகத் திறந்தது. தலையிலும் தோளிலும் நூல் துணுக்குகளோடு பெண்கள் கும்பல் கும்பலாக வெளியே வந்து சுவர் நிழலில் டப்பாக்களைத் திறந்தார்கள். காலர்காரி அக்காவைப் பார்த்துவிட்டாள். முகத்தில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அது போய்விட்டது. ஆஸ்பத்திரி ஆட்கள் வேலை செய்கிற இடத்துக்கு வர மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

கும்பலிலிருந்து விலகி, லாரி நிறுத்தியிருந்த மூலைக்கு அக்காவை இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னக்கா? என் ரத்தத்துல ஏதாவதா?"

"இல்லம்மா. உன் போன் எங்க?"

"ரிப்பேருல. மெசேஜுக்குப் பதில் போடலைன்னா வந்தீங்க? அவருகிட்ட சொல்லிட்டே இருக்கேன், நாளைக்கு நாளைக்குன்னு..."

"போன் ரிப்பேருல இல்ல. அவருகிட்டதான் இருக்கு."

அவன் உடம்பு விஷயம் தவிர அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். தன் அசட்டுத்தனத்தை ஒளிக்காமல் சொன்னாள். எழுதியதை வரிவரியாக ஒப்பித்தாள். அவன் வந்ததையும், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடப்போவதையும், மகளைத் தன்னிடம் வைத்துக்கொள்வேன் என்றதையும் சொன்னாள். உட்காருவதற்கு எதுவும் இல்லாததால் காலர்காரி லாரியின் சக்கரத்தில் சாய்ந்துகொண்டாள்.

"அடிப்பாருன்னு நினைச்சேன்" என்றாள் கடைசியில். "மூணு நாலு வாரமா எவ்ளோ அன்பா இருக்காரு தெரியுமாக்கா? பொண்ணுக்குத் தலை பின்னி விடறாரு. எனக்கு அப்பவே உறுத்துச்சு."

"என்னை மன்னிச்சிடும்மா."

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க, பாசத்துல எழுதினீங்க" என்றவள் சட்டென்று அக்காவின் மணிக்கட்டைப் பற்றினாள். "அவருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா? அவருக்கும் வந்திருக்கா? நான் குடுத்துட்டேனாக்கா?"

அக்கா தன் மறு கையை அவள் கைமேல் வைத்தாள்.

"மருந்து போட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எத்தனையோ நாள் இருக்கே. என்கிட்ட இருந்து போயிருந்தா? அப்படி மட்டும் இருந்துச்சுன்னா அவரு என்ன பண்ணினாலும் எனக்கு நியாயந்தான். பொண்ண எடுத்துக்கிட்டாலும் நான் வாயத் திறக்க மாட்டேன். அவரு வாழ்க்கைய நான் கெடுத்துட்டு, என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பேன்?"

உண்மை அக்காவின் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லிவிட்டால் ஒரே நொடியில் இந்தப் பெண்ணின் தலையிலிருந்து பெரும் பாரம் இறங்கிவிடும். முந்நூறு பேரின் முகங்கள் கண்முன் வந்தன. வந்தால் வரட்டும் என்றும் தோன்றியது, வேண்டாம் என்றும் தோன்றியது.

"இங்க பாரு. நான் சொல்றத மட்டும் கேளு, ஏன்னு கேக்காத" என்றாள். "ஞாயித்துக்கிழமை அவரு டெஸ்ட் எடுக்கறேன்னு சொல்லுவாரு. கிருமி இருக்கா இல்லையான்னு பாத்தா மட்டும் போதாது. எவ்வளவு இருக்குன்னு எண்ணிப் பாக்கற டெஸ்டும் எடுக்கணும்னு எல்லார் முன்னாடியும் கேளு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ஒரே இடத்துல ரத்தம் குடுக்கணும்னு கேளு. விடாத."

"எண்ணி என்ன ஆகப்போகுது?"

"மருந்தே போடாத ஆளுக்கு எண்ணிக்கை ஏகப்பட்டது இருக்கும்."

"சரி."

"மருந்து போடற ஆளுக்குத்தான்..." அக்கா நிறுத்தினாள். இது ஆஸ்பத்திரிச் சுவரில் யாரும் படிக்கும்படி ஒட்டியிருக்கிற சங்கதிதானே, யாருடைய ரகசியமும் இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "மருந்து போடற ஆளுக்குத்தான் உன்னை மாதிரி எண்ணவே முடியாம இருக்கும்."

காலர்காரி அவளையே பார்த்தாள். அக்கா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். தாழ்த்தாமல் இருந்திருக்கலாம். தாழ்த்தியதில்தான் எல்லாம் போய்ச் சேர்ந்தது.

நிழலில் யாரோ ஒருத்தி எதற்கோ கலகலவென்று சிரித்தாள். காலர்காரி அக்காவின் மணிக்கட்டை விட்டாள்.

"அவருக்கு வயித்துல புண்ணுக்கா. சாப்பிட்டதும் தினமும் ஒரு மாத்திரை போடுவாரு. பாட்டிலத் தொட விட மாட்டாரு, மருந்துல கை படக் கூடாதுன்னு சொல்லுவாரு. நானும் சரின்னு இருந்துட்டேன்." அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். "தண்ணி மட்டும் நான்தான் கொண்டுபோய்க் குடுப்பேன். இத்தனை வருஷமா நான்தான்க்கா குடுக்கறேன். அதுக்கப்புறம் சமையல்கட்டுக்குப் போய் விளக்க அணைச்சுட்டு, இருட்டுல ஒளிஞ்சு என் மாத்திரையப் போடுவேன்."

அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். அந்த உடம்பு நடுங்கும் என்று எதிர்பார்த்தாள். நடுங்கவில்லை, விறைத்து நின்றது.

மணி அடித்தது. பெண்கள் டப்பாக்களை மூடிக்கொண்டு கதவை நோக்கி நடந்தார்கள். காலர்காரி தலையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள், முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"தனியா இருக்கும்போது கேட்டுடாத" என்றாள் அக்கா. "எனக்குப் பயமா இருக்கு. இன்னிக்கே பொண்ணக் கூட்டிட்டு எங்கயாவது போயிடறியா? எங்க வீட்டுக்கு வந்துடு."

"போனா ஓடிட்டான்னு சொல்லுவாருக்கா. அதுக்குத்தானே காத்துட்டிருக்காரு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்து உக்காரட்டும். எங்க அண்ணனுங்க, அவரு அண்ணன், எல்லாரும். அந்த பாட்டிலையும் ஒரு டம்ளர் தண்ணியையும் நானே கொண்டுபோய் நடுவுல வைக்கறேன். எல்லார் முன்னாடியும் போடட்டும், பாக்கறேன்."

"அதுவரைக்கும் மூஞ்சில காட்டிக்காம இருப்பியா?"

"ரெண்டு வருஷமா காட்டிக்காமத்தானே இருக்கேன்" என்றாள்.

கதவு இடுக்கு வழியாக உள்ளே போனாள். காவலாளி கதவை இழுத்துச் சாத்தினான். உள்ளே தையல் எந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. அக்கா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். மூச்சு இரைத்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வெள்ளி ராத்திரி இருந்தது, சனி ராத்திரி இருந்தது. அந்த இரண்டு ராத்திரியும் சாப்பாடு முடிந்ததும் அவன் தண்ணி கேட்பான், அவள் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்.